காய்ந்த ஆற்றில் ஒரு வண்டி

பாலைவன நகரமான டூசானில் ஜூலை மாதப் பிற்பகல். தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடக்கிறது. தொலைவில் மலைமேல் மட்டும் கருமேகம் இறங்கி நிற்கிறது. காய்ந்த ஆற்றுமணலில் புதைந்த வண்டிச் சக்கரத்தை ராமிரோ மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருக்கிறான். கரையில் நிற்கும் தங்கை யூலாலியா மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அண்ணே, மலையில மழை கொட்டுது, வண்டி போனாப் போகுது, மேல ஏறி வா!" "இங்க ஒரு சொட்டாவது விழுந்துச்சா? சரியான பயந்தாங்கொள்ளி நீ." அனல்காற்றில் ஈர வாசம் வருகிறது. மரத்தில் இரைந்துகொண்டிருந்த சில்வண்டுகள் சட்டென்று அடங்குகின்றன. வளைவுக்கு அப்பால் லாரி சரளைக்கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். சுள்ளிகளையும் நுரையையும் உருட்டிக்கொண்டு கணுக்காலளவு பழுப்புத் தண்ணீர் முதலில் வருகிறது. அதன் பின்னால், வேரோடு ஒரு முழு மரம். அவள் இரண்டு கைகளையும் வீசிக் காட்டுகிறாள். ராமிரோ குனிந்தபடியே சந்தோஷமாகக் கத்துகிறான்: "பாரு, சக்கரம் அசையுது!"