ஒரே போனிலிருந்து

சாம்பல் நிறத்தில் இன்னொரு வரி விழுந்தது.

இனாமுல் ஹசன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்தான். ஷார்ஜா ஆபீஸ் ஏசியில் குளிர்ந்து கிடந்தது. அவனுக்கு மட்டும் வியர்த்தது.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் அவனுடைய அக்கா ஜாஹிதாவுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. ரத்தம்தான் நிற்கவில்லை. ஓ பாசிட்டிவ் பாட்டில் பாட்டிலாக வேண்டும். அங்கே இருப்பில் இருந்ததெல்லாம் ஏற்றியாகிவிட்டது.

யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் சுற்று வட்டாரத்துப் போன்களுக்குத் தகவல் சொல்லும் ஆப் ஒன்றை இனாமுல்தான் செய்திருந்தான். வெள்ளிக்கிழமை லீவுகளில் உட்கார்ந்து செய்தது. அக்கா வீட்டுக்காரர் ஹனிபா ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதில்தான் ரத்தம் கேட்டிருந்தார்.

அந்த ஆப்பில் யார் எந்தப் பட்டனைத் தொட்டாலும் இனாமுலின் கணினித் திரையில், டேஷ்போர்டில் ஒரு வரி வந்து விழும். எந்தப் போன், எந்த இடம், எதைத் தொட்டார்கள் என்று. வரியைத் திறந்தால் கொடுத்த பெயரும் தெரியும். சரியான வரி பச்சை. அது ஹனிபாவுக்குப் போய்ச் சேரும். ஆப் ஏற்காமல் தள்ளிவிட்டது சாம்பல். பிழை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்காக அவனே செய்துவைத்த ஏற்பாடு.

பச்சை ஒன்றே ஒன்று. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல்.

அத்தனை சாம்பலும் ஒரே போனிலிருந்து. யாரோ 'வருகிறேன்' பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு போனுக்கு ஒரு 'வருகிறேன்'தான். மறுபடி வந்தால் கை தவறிப் பட்டது, தள்ளிவிடு. அவன் எழுதிவைத்த விதி அது.

ஹனிபா கூப்பிட்டார்.

"மாப்ள, ஒரே ஒரு ஆளுதான் வாரேன்னு காட்டுது. ஒன் ஆப்பு வேல செய்யுதா, இல்ல சும்மா பேருக்கா? டாக்டரம்மா மறுபடியும் வந்து கேட்டுட்டுப் போறாக."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான். எவனோ போனைப் பச்சப்புள்ள கையில குடுத்துட்டான். அது அமுக்கி வெளையாடுது."

அந்த எண்ணையே முடக்கிவிடுவது என்று முடிவு செய்தான். முடக்கப் போன கை ஒரு சாம்பல் வரியின் மேல் பட்டு, வரி திறந்துகொண்டது.

பெயர்: அடைக்கலமேரி டிரைவருக்குப் பின்னாடி சீட்டு.

இனாமுல் அடுத்ததைத் திறந்தான்.

பெயர்: அழகுசுந்தரம் நின்னுக்கிட்டு வாராக.

அதற்கடுத்தது.

பெயர்: பேரு சொல்லமாட்டேங்குறாக ஆனா வாராக.

யாரோ வாயால் சொல்லச் சொல்ல, போன் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது.

அவன் மேப்பைத் திறந்தான். அந்தப் போன் ஒரு புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தது. கல்லலிலிருந்து காரைக்குடி வரும் ரோடு. காலேஜ் போன காலமெல்லாம் அவன் படியில் தொங்கிக்கொண்டு வந்த ரோடு. புள்ளி ஓடும், நிற்கும், ஓடும். நின்ற இடமெல்லாம் பஸ் ஸ்டாப். நின்ற இடத்திலெல்லாம் ஒரு புதுப்பெயர், சில இடங்களில் இரண்டு மூன்று.

ஏறுகிறவர்களிடமெல்லாம் ரத்த வகை கேட்டுப் பதிகிறார்கள்.

இனாமுல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். ஒரு பஸ் நிறைய ஆட்களைத் தள்ளிவிடச் சொல்லி எழுதிவைத்துவிட்டு, அதைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

விதியை அழித்தான். தள்ளிவிட்ட வரிகளைத் திரும்ப ஓட்டிப் பார்க்க டேஷ்போர்டில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினான்.

மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாக, சாம்பலில் பச்சை ஏறியது. திரை கொள்ளாமல் ஏறியது.

"மாப்ள, போனு நிக்காம அடிக்குது," என்றார் லைனிலேயே இருந்த ஹனிபா. அவர் குரல் இறங்கிவிட்டது. "யாருடா இவுகள்லாம்?"

"தெரியல மச்சான். கேட்டுக்கிட்டு நிக்காதீக. டாக்டரம்மாகிட்ட ஓடுங்க."

பிறகு அந்த எண்ணுக்குக் கூப்பிட்டான். இஞ்சின் சத்தம், விசில், ஒரு கோழி. அதற்கெல்லாம் மேலே கண்டக்டர் குரல்.

"சின்னக்கருப்பு பேசுறேன். நீங்க ஆபீஸா? ரூட்டு மாறி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு டிரைவர்தான் பொறுப்பு, நான் இல்ல. எறக்கிவிட்டுட்டு ஒடனே வந்துருவோம்."

"ஆபீஸ் இல்லண்ணே. ரத்தம் கேட்டுருக்குல்ல, அந்தப் புள்ளைக்கு நான் தம்பி."

சின்னக்கருப்பு உடனே கேட்டார்.

"ஒங்க ரத்தம் என்ன வக?"

"ஓ பாசிட்டிவ்தான். ஆனா நான் இங்க ஷார்ஜாவுல…"

"பேரு?"

சொன்னான்.

மேப்பில் புள்ளி ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. படியில் ஆட்கள் நெருக்கி இறங்குகிற சத்தம் காதில் விழுந்தது. "பாத்து, பாத்து எறங்குங்க. அந்தக் கோழிய வண்டியிலேயே விட்டுட்டுப் போங்கத்தா, நான் பாத்துக்கிறேன்."

திரையில் கடைசியாக ஒரு பச்சை வரி விழுந்தது. இனாமுல் அதைத் திறந்தான்.

பெயர்: இனாமுல் ஹசன் கூடப்பொறந்தவுக. தூரத்துல இருக்காக. வந்துக்கிட்டு இருக்காக.