நாலாம் நாள் மருந்து

“துன்னா துன்னட்டும் வுடுக்கா, ஒண்ணும் ஆவாது” என்று சிரித்தாள் தமிழ்ச்செல்வி. எலிக்கு வைத்திருந்த தீனியை அவள் பெற்ற மூன்று வயது மகள் கீர்த்தி தின்றிருந்தாள்.

பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால், வரப்போரம், கொட்டாங்குச்சியும் கையுமாக இருந்த பிள்ளையைத் தூக்கிவந்தவள் அவள்தான். “பெத்தவதானாடி நீ? கொயந்த எலி மருந்த துன்னுட்டு கீது, பல்லக் காட்டிக்கினு நிக்கிற!” என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

“அது மருந்தே இல்லக்கா. மூணு நாளிக்கு வெறும் நொய்யும் எண்ணெயுந்தான். காலைல நாந்தான் கலந்து அவருகிட்ட வெக்கச் சொல்லிக் குடுத்தேன். மருந்து நாளிக்குத்தான். மேடம் மைக்ல சொன்னப்ப நீ தூங்கிட்டியா?”

சொல்லி வாய் மூடுமுன், மூன்றாம் நாள் தீனியைப் பார்வையிட அந்த மேடமே ஜீப்பில் வந்து இறங்கினார். வேளாண்மை அலுவலர் தேவகி. கூடவே கால்நடை மருத்துவர் வேதகிரி. இரண்டு துறைக்காரர்கள் ஒரே ஜீப்பில் வருவது இந்தப் பக்கத்தில் அதிசயம்தான்.

காரணம் இருந்தது. போன வருஷம் வயலெங்கும் கண்டபடி தூவிய மருந்தில் எலி செத்ததோ இல்லையோ, ஆடும் நாயும் மயிலும் செத்தன. அப்புறம்தான் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தார்கள். புதுத் தீனியை எலி லேசில் தொடாது. மூன்று நாள் வெறும் தீனி வைத்துப் பழக்கினால் நாலாம் நாள் துளி மருந்து போதும், மிச்சத்தையும் அன்றே புதைத்துவிடலாம் என்று ஊர்க் கூட்டத்தில் தேவகி மைக் பிடித்து விளக்கினார்.

அப்போது எழுந்து பதறியவன் தமிழ்ச்செல்வியின் புருஷன் எல்லப்பன் ஒருவன்தான். “இன்னா மேடம், எந்த நாளுன்னு இப்டி சத்தமா சொல்றீங்க? அதுங்க காதுல வியுந்தா ஒண்ணுகூட வாய வெக்காது!” எலிக்கு மனுஷர் பேச்சு புரியும் என்று இங்கே பலருக்கும் நம்பிக்கை. மருந்து வாங்கினால் கட்டின பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடமாட்டார்கள். ஆனாலும் அன்று கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தேவகிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “நாங்க குடுத்த மருந்துப் பொட்டலம் எங்கம்மா?”

தமிழ்ச்செல்வி இடுப்பிலிருந்த சாவியால் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. “சாவிய அவருகிட்டகூட குடுக்கல மேடம்.” தேவகிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

வேதகிரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஆடு மாடென்றால் தொட்டுப் பார்த்தே சொல்லியிருப்பார், இது பிள்ளை. “எதுக்கும் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம் மேடம்.”

தேவகி அவரைத் தனியே அழைத்துப்போனார். “நம்ம ஜீப்புல இந்தக் குழந்தைய ஏத்தினா என்ன ஆகும் தெரியுமா சார்? ஆபீசருங்க வெச்ச மருந்துல குழந்தை போச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள சுத்துப்பட்டு ஊரெல்லாம் பரவிடும். நாளைக்கு ஒருத்தரும் நம்ம பேச்சைக் கேக்க மாட்டாங்க. பழையபடி வரப்பு வரப்பா தூவுவாங்க. அதைத் தின்னு நிஜமாவே ஒரு குழந்தை போனா?”

வேதகிரி திரும்பி வந்து கீர்த்தியின் முன் குந்தி உட்கார்ந்தார். அது தண்ணீர் கேட்டது. ஒரு சொம்பு குடித்துவிட்டு மறுபடியும் கேட்டது.

“எவ்ளோ தின்னாம்மா?”

“ஒரு வாயிதான் சார். அதுலயும் பாதிய துப்பிட்டா” என்றாள் கோவிந்தம்மாள்.

வெறும் நொய்யை ஏன் துப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. எண்ணெய் நாற்றம் பிடித்திருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனாலும் ஜீப் சாவியைக் கையிலிருந்து விடவில்லை.

கூட்டம் கலையத் தொடங்கியது. கோவிந்தம்மாள்கூட, “நா இன்னாத்த கண்டேன், கொட்டாங்குச்சியப் பாத்ததும் பயந்துட்டேன்” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எல்லப்பன் ஓடிவந்தான். யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும். முழங்கால்வரை கழனிச் சேறு. யாரையும் பார்க்காமல் மகளை வாரித் தூக்கி, அவள் வாயை விரித்துப் பார்த்தான்.

“பயப்படாதீங்க எல்லப்பன், பொட்டலத்த பிரிக்கவே இல்ல. மருந்து நாளைக்குத்தானே?” என்றார் தேவகி.

எல்லப்பன் பழக்க தோஷத்தில் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். தேவகியின் காதருகே வந்து குசுகுசுவென்று ஏதோ சொன்னான்.

“இன்னாய்யா? வாயத் தொறந்து சொல்லேன்!” தமிழ்ச்செல்வியின் சிரிப்பு அந்த நொடியில் போய்விட்டது.

எந்த எலிக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று எல்லப்பன் அலறினான்.

“நாலாம் நாளுன்னு நீங்க சொன்னத அதுங்க கேட்டுடுச்சேன்னு, கடையில வேற மருந்து வாங்கியாந்து இன்னிக்கே கலந்து வெச்சிட்டேன் மேடம்!”