வெளியே வராத மருந்து

பளுதூக்கும் வீரன் கன்னியப்பனின் சிறுநீரைத் தினமும் அவன் வீட்டுக் கழிப்பறையே சோதித்து, முடிவை விளையாட்டு ஆணையத்துக்கும் சொல்லிவிடும். தடைசெய்யப்பட்ட ஊசியை அவன் போட்டுக்கொண்ட மறுநாள், மனைவி பூங்கோதை காதைத் தீட்டியபடி கதவருகே நின்றாள்.

"மருந்து எதுவும் இல்லை. வாழ்த்துகள்" என்றது கழிப்பறை.

அடுத்தடுத்த ஊசிகளுக்கும் வாழ்த்துதான் வந்தது. கன்னியப்பன் சிரித்தான். அவன் முகம் வீங்கியிருந்தது. பூங்கோதை அவன் காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"உள்ள போன மருந்து வெளிய வரலன்னா, அது எங்கங்க இருக்கு?"

அவன் சிரிப்பு நின்றது.

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டதாக மருத்துவமனையில் சொன்னார்கள். டயாலிசிஸ் இயந்திரம் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கியது. சற்று நேரத்தில் அதுவும் பேசியது.

"தடைசெய்யப்பட்ட மருந்து வெளியேறுகிறது. விளையாட்டு ஆணையத்துக்குத் தெரிவிக்கப்பட்டது."

கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். பூங்கோதைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.