புட்டுப் பாடம்

"யாரும் வாயில வைக்கக் கூடாது. முதல்ல நான் வெட்டுறேன்" என்றார் சௌதாமினி டீச்சர். கையில் கத்தி, எதிரே ஆவி பறக்கும் இரண்டு குழாய்ப் புட்டு.

ஆறாம் வகுப்பு 'ஏ', 'பி' இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் மேசையைச் சுற்றி மொய்த்தார்கள். மொத்தம் முப்பத்தாறு பேர். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார் ஜீப் ஓட்டும் தங்கச்சன். மகள் ஆன்மரியாவுக்கு டி.சி. வாங்க வந்தவர்.

நாளை, பள்ளி திறந்த ஆறாவது நாள். அன்றைக்கு இருக்கும் தலைக்கணக்குதான் வருடம் முழுவதற்கும். முப்பத்தாறு இருந்தால் இரண்டு பிரிவு நிலைக்கும். ஒன்று குறைந்தாலும் ஒரே பிரிவுதான்; கடைசியாகச் சேர்ந்த டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசியாகச் சேர்ந்தவர் சௌதாமினி.

காலையிலேயே தலைமையாசிரியர் குரியாகோஸ் மாஷ் கையை விரித்துவிட்டார்.

"அப்பன் வந்து கேட்டா கொடுக்காம இருக்க முடியுமா டீச்சரே? டவுன்ல இங்கிலீஷ் மீடியம், வாசலுக்கே மஞ்சள் பஸ் வருது. நாம எதைக் காட்டி நிறுத்துறது?"

"பாடத்தைக் காட்டுறேன் மாஷே."

மாஷ் சிரித்தார். டீச்சர் நேரே தங்கச்சனிடம் போய்விட்டார். "ஒரே ஒரு பீரியட் உட்காருங்க சேட்டா. அப்பவும் வேணும்னா டி.சி.யை வாங்கிட்டுப் போங்க, நான் வாயே திறக்க மாட்டேன்." பாவம், தங்கச்சனுக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை.

இது கோடை விடுமுறையில் வீட்டு அடுப்படியில் ஒத்திகை பார்த்த பாடம். புட்டு உடையாமல் வெட்ட வருகிற வரைக்கும் வீட்டில் ஒரு வாரம் மூன்று வேளையும் புட்டுதான். டீச்சரின் மாமியார் இன்றும் புட்டென்றால் எழுந்து போய்விடுகிறார். புதிதாக எது செய்தாலும் அதைக் கைபேசியில் வீடியோ பிடித்து நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடாவிட்டால் டீச்சருக்குத் தூக்கம் வராது. இந்தப் பாடத்தையும் முழுதாக நடத்திக் காட்டிப் போட்டிருந்தார். வழக்கம்போல் கைகூப்பிய பொம்மைகள் வந்து குவிந்தன.

"பாருங்க, இந்தப் புட்டை நாலா வெட்டுறேன். இதை எட்டா வெட்டுறேன். ஜாபிர், உனக்கு நாலுல ஒண்ணு வேணுமா, எட்டுல ஒண்ணு வேணுமா?"

"எட்டு டீச்சர்! எட்டுதானே பெரிசு!"

முந்தாநாள் பள்ளிக்கே வராத ஆன்மரியா, பக்கத்துப் பெண்ணின் காதைக் கடித்தாள். "நாலைத்தான் கேக்கணும். இப்ப பாரேன், 'வயிறு ரொம்பிச்சா'ன்னு கேப்பாங்க."

ஜாபிரின் உள்ளங்கையில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று விழுந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து வகுப்பே சிரித்தது.

"வயிறு ரொம்பிச்சா?" என்று கேட்டார் டீச்சர். ஆன்மரியா கிசுகிசுத்தது அவர் காதிலும் விழுந்திருந்தது. எவ்வளவு சூட்டிகையான பெண், இவளைப் போய் விடுவதா என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"ஏமாத்திட்டீங்க டீச்சரே!" ஜாபிர் கத்தினான். "நாலா வெட்டினா பெரிய துண்டு, எட்டா வெட்டினா சின்னத் துண்டு! கீழ நம்பர் பெருசானா பங்கு சிறுசாயிடுது!"

கரும்பலகையில் ஓர் எழுத்துகூட எழுதாமல் பின்னம் புரிந்துவிட்டது. எட்டில் இரண்டு துண்டை நாலில் ஒரு துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே நீளம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பிறகு ஒரு சீப்புப் பழத்தோடு புட்டு மொத்தமும் ஒரு நிமிடத்தில் காணாமல் போனது.

டீச்சர் எடுத்து வைத்திருந்த நாலில் ஒரு பங்கு தங்கச்சனுக்குப் போனது. அவர் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் பள்ளிக்கூடத்தை விட்டதே இந்தப் பின்னத்தாலதான் டீச்சரே. அன்னைக்கு யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தா..." துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐந்து நாட்களாக இருந்த பயம் அப்போதுதான் இறங்கியது. கதவோரம் நின்றிருந்த குரியாகோஸ் மாஷைப் பார்த்துத் தலையசைத்தார். மாஷின் முகமும் மலர்ந்தது.

தங்கச்சன் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். டி.சி. விண்ணப்பம்.

"சேட்டா... பாடம் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன? உங்களை மாதிரி ஒரு டீச்சர் வேற எங்க கிடைப்பாங்க?"

"அப்புறம் ஏன் சேட்டா? இங்க என்ன குறை? ஆன்மரியா மோளே, நீயாவது சொல்லு."

ஆன்மரியா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மாஷ் காகிதத்தை வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க அவருக்கு வழியில்லை. டீச்சர் தங்கச்சனின் வழியை மறித்து நின்றார்.

"அப்படி அங்க என்னதான் இருக்கு சேட்டா? அதையாவது சொல்லிட்டுப் போங்க."

தங்கச்சன் தரையைப் பார்த்தார். "முந்தாநாள் இவளைக் கூட்டிட்டுப் போய் அங்க ஒரு கிளாஸ்ல உட்கார வச்சேன்."

"யார் நடத்தினாங்க?"

"நீங்கதான் டீச்சரே... பெரிய டிவியில."