சபரியின் புது செட்

“கழட்டோணும்! அந்தப் புது செட்டை இப்பவே கழட்டோணும்! இல்லீன்னா உங்க கடைக் கண்ணாடி ஒண்ணு மிஞ்சாதுங்க, சொல்லிப்போட்டேன்!”

சின்னண்ணன் கையிலிருந்த முட்டை அட்டையை மேசைமேல் டொம்மென்று வைத்தார். முப்பது முட்டை பிடிக்கும் அட்டையில் பாதிக் குழி காலியாகக் கிடந்தது. வெட்டுக்குத்துக்கு வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினாலும், வாயிலிருந்து அந்த ‘ங்க’ மட்டும் போகவில்லை.

தீனதயாளனுக்குச் சுர்ரென்று ஏறியது. இருபது வருடமாக நாமக்கல்லில் லாரிகளுக்கு ஆடியோ செட் மாட்டுகிறவர். எந்த டிரைவரும் அவர் கடைக்குள் வந்து இப்படிக் கத்தியதில்லை.

“யாருங்க நீங்க? எந்த செட்டு?”

“சேந்தமங்கலம் ரோட்டுல கோழிப்பண்ணை வெச்சிருக்கறேன். எங்க ஊரு சபரிநாதன் பைக்குல போன ஞாயித்துக்கிழமை செட்டு மாத்தி உட்டீங்களா, இல்லீங்களா?”

மாற்றியது அவர்தான். சபரிநாதன் அடுத்த மாதம் பைக்கில் லடாக் போகிறான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் பாட்டு காதிலேயே விழவில்லை, இருப்பதிலேயே நல்ல செட்டாகப் போடுங்கள் என்று அந்தப் பெரிய டூரிங் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். அரை நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து செய்த வேலை அது.

“ஆமா, நான்தான் மாத்துனேன். அதுல உங்களுக்கு என்ன நட்டம்?”

“என்ன நட்டமா? முப்பதாயிரம் கோழிங்க!” சின்னண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. “காலையில ஆறு மணிக்குத் தீனி போடுவோம். அதே நேரத்துக்கு அவன் வண்டி என்ற பண்ணையை ஒட்டிப் போகும். போன வாரம் வரைக்கும் ஒரு வில்லங்கமும் இல்லை. நீங்க கை வெச்ச நாள்ல இருந்து, அவன் வண்டி போனா கோழியெல்லாம் கழுத்தை நீட்டிக்கிட்டு அப்படியே நிக்குது. தீனியில வாய் வெக்க மாட்டேங்குது. முட்டை பாதியாப் போச்சு!”

“கோழிக்குச் சீக்கு வந்திருக்கும். டாக்டர்கிட்டப் போகாம என்ற கடைக்கு எதுக்கு வாரீங்க?”

“பாக்காம வந்திருப்பனா? டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்துட்டாரு, ஒரு சீக்கும் இல்லை. தீனியை மாத்துனேன், தண்ணியை மாத்துனேன். அவன் போற நேரத்துக்கு நானே ரெண்டு பாக்ஸ் வாடகைக்கு எடுத்தாந்து சத்தமாப் பாட்டுப் போட்டும் பாத்துட்டேன், ஒண்ணும் எடுபடலை. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா மொத்தக் கோழியையும் கறிக்கு ஏத்தோணுமுங்க!”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கோபத்தையும் சேர்த்து மேசைமேல் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

“அண்ணா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அந்தப் புது செட்டு...”

“அந்தப் பேச்சையே எடுக்காதீங்க! அதைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது!”

அப்போது சபரிநாதனின் பைக் கடை வாசலில் வந்து நின்றது. சின்னண்ணன்தான் போன் போட்டு வரச்சொல்லியிருந்தார். அவனைப் பார்த்ததும் வெளியே பாய்ந்தார்.

“வா சாமி, வா! என்ற பொழப்புல மண்ணள்ளிப் போட்ட மகராசா, வா!”

சபரி பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே சாவகாசமாக ஸ்டாண்டு போட்டான். ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் மனிதர் தன்னைத் திட்டுகிறார் என்பதே அவனுக்குத் தெரிந்தது.

“என்னங்க மாமா, நடுரோட்டுல நின்னுக்கிட்டு?”

“அந்த எழவெடுத்த செட்டைக் கழட்டுடா!”

அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. “என்ற வண்டி, என்ற சம்பாத்தியம். நான் எதுக்குங்க கழட்டோணும்? உங்க கோழியைக் கேட்டுக்கிட்டுத்தான் நான் செட்டு மாட்டோணுமா?”

சின்னண்ணன் எட்டி அவன் சட்டையைப் பிடித்தார். ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது. தீனதயாளன் ஓடிவந்து இருவரையும் பிடித்துத் தள்ளி, சபரியின் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி சின்னண்ணனின் மூக்குக்கு நேராக நீட்டினார். அவருக்கும் பொறுமை போய்விட்டது.

“நல்லாப் பாருங்க! வண்டியில இப்ப ஒரு ஸ்பீக்கர்கூடக் கெடையாது. பழசு ரெண்டையும் கழட்டி உள்ள போட்டாச்சு. புது செட்டு மொத்தமும் இந்த ஹெல்மெட்டுக்குள்ளதான் இருக்குது. மாட்டியிருக்கறவனுக்கு மட்டுந்தான் பாட்டுக் கேக்கும், பக்கத்துல நிக்கற ஈ எறும்புக்குக்கூடக் கேக்காது. இப்பச் சொல்லுங்க, உங்க கோழியை எவன் பயமுறுத்துனான்?”

“ஒரு வாரமா உங்க பண்ணைப் பக்கம் பாட்டுச் சத்தமே இல்லாமத்தானுங்க போறேன்!” என்று சபரியும் எகிறினான்.

சின்னண்ணன் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

“அதைத்தானேடா அப்பத்துல இருந்து கத்தறேன்! பழசையே மாட்டுடா, குஞ்சுல இருந்து உன்ற பாட்டுச் சத்தம் வந்தாத்தான் என்ற கோழி தீனியே எடுக்கும்!”