முதல் தரத் தீவனம்

திருடியை நிற்க வைத்துத்தான் விசாரிப்பது என்று முதலாளி முந்தின நாளே முடிவு செய்துவிட்டார். அதனால் தீவனக் கிடங்கில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் அவர், இன்னொன்றில், பரிசோதனைக்கூடத்திலிருந்து சாட்சிக்காக வரவழைக்கப்பட்ட ஒல்லிப் பரிசோதகர்.

எதிரே மாடு பார்க்கிறவள் நின்றாள். காலைக் கறவை முடிந்த கையோடு கூப்பிட்டதால் முழங்கை வரை ஈரம் காயவில்லை.

பண்ணை வைப்பதற்கு முன் முதலாளி முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். எதிராளி வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பை எழுதி முடிப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். ஓய்வு பெற்றதும் இருபத்திரண்டு மாடுகள் வாங்கினார்; மாட்டுக்கு ஒரு கோப்பும் போட்டார்.

அவர் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூன்று மாதத்தில் பால் பாதிக்கு வந்துவிட்டது. மாடுகளின் விலா எலும்பை வாசலில் நின்றே எண்ணிவிடலாம். கிடங்கிலோ கூரை முட்டக் குதிரைமசால் புல்லுக் கட்டுகள். காயவைத்துக் கட்டிய அந்தத் தீவனத்தை அவரே நேரில் போய், ஒவ்வொரு கட்டையும் தட்டிப் பார்த்து வாங்கி வந்திருந்தார்.

அவர் வாங்கியது சோடை போகாது. ஆகவே புல் மாட்டு வயிற்றுக்குப் போகவில்லை. ஆகவே அது இவளுடைய தங்கச்சி வீட்டு ஆடுகளின் வயிற்றுக்குப் போகிறது. முப்பது வருஷ அனுபவத்துக்கு இதைக் கண்டுபிடிக்க முப்பது நொடி போதுமாயிருந்தது.

புல் முற்றிப்போனது, மாடு மென்று துப்புகிறது, தீவனத் தொட்டியை வந்து பாருங்கள் என்று அவள் ஒன்பது தடவை சொல்லியிருந்தாள். மாட்டுக் கொட்டகைக்குள் போனால் செருப்பில் சாணி ஒட்டும். அதனால் அவர் புல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"படிங்க" என்றார் முதலாளி.

பரிசோதகர் அறிக்கையைப் படித்தார். புரதம் இருபத்தாறு சதவீதம். நார் மிகக் குறைவு. செரிக்கும் தன்மை மிக நன்று. தண்டுப் பகுதி, அநேகமாக இல்லை. தரம், முதல் தரம். ஒவ்வொரு வரிக்கும் முதலாளி, மகனின் மதிப்பெண்ணைக் கேட்கிற தகப்பனைப் போலத் தலையாட்டினார். பதினைந்து வருஷ வேலையில் இப்படி ஒரு புல்லைத் தான் பார்த்ததே இல்லை என்று பரிசோதகர் இழுத்தாற்போலச் சொன்னதும் முதலாளிக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது.

"கேட்டியா?" என்று அவள் பக்கம் திரும்பினார். "இதைத் தின்னா மரக்குதிரைகூடப் பால் கறக்கும். என் மாடு ஏன் எலும்பா நிக்குது?"

"அதைத்தாங்கய்யா நானும் மூணு மாசமாக் கேக்குறேன்."

அந்தப் பதில் அவரைக் கொதிக்க வைத்தது. மேஜை மேல் தயாராக இருந்த தாளை அவள் பக்கம் தள்ளினார். தீவனம் திருடியதை ஒப்புக்கொள்கிறாள். கொட்டகைக்குப் பின்னாலுள்ள அறையைப் பிள்ளைகளோடு சாயங்காலத்துக்குள் காலி செய்கிறாள். அதன் நகல்கள் சுற்றுவட்டாரத்திலுள்ள எல்லாப் பண்ணைக்கும் போகும், அப்புறம் எவன் வேலை கொடுக்கிறான் என்று பார்ப்போம் என்றார். கையெழுத்து போடும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்.

அவள் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். அவசரப்படவில்லை. முகம் மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

"திருடினேன்னு எழுதியிருக்கு. போட மாட்டேன்."

போடாவிட்டால் போலீசு வரும் என்று முதலாளி கத்தினார். வரட்டும், வந்தால் அவர்களாவது தொட்டியை எட்டிப் பார்ப்பார்கள் என்றாள் அவள். அவர் மேஜையில் அடித்த அடியில் பேனா உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தவர் பரிசோதகர்தான்.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் அவர். "ஒரு விவரம் விட்டுப்போச்சு. நாங்க குடுத்தனுப்பின குழாயால இருபது கட்டைத் துளைச்சு, எல்லாத்தையும் கலந்துதானே அனுப்பினீங்க? அந்த மாதிரியை எடுத்தது யாரு?"

முதலாளிக்கு இப்போது கோபம் இந்தப் பக்கம் பாய்ந்தது. ஒரு திருடி கையில் கொடுத்து எடுக்கச் சொல்லுகிற ஏமாளி என்று தன்னை நினைத்துவிட்டானே இந்த ஒல்லிப் பயல்.

"நானேதான்யா எடுத்தேன். குழாயைப் போட்டுக் குத்தினா தண்டு, தூசி எல்லாம் சேர்ந்து வருது. என் பேரைப் போட்டு வெளிய போற பொட்டலம் அது. ஃபோட்டோவுக்கு நிக்கறப்ப தலை சீவிக்கிட்டு நிக்கறதில்லையா? ரெண்டு நாள் உக்காந்து, தண்டையெல்லாம் உருவித் தள்ளிட்டு, பச்சை இலையாப் பார்த்து ஒண்ணொண்ணாப் பொறுக்கி அனுப்பிச்சேன்."

பரிசோதகர் அறிக்கையை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மாடு பார்க்கிறவள் கையெழுத்தில்லாத தாளை முதலாளியின் மடியிலேயே போட்டாள்.

"அந்தத் தண்டைத்தாங்கய்யா மாடு மூணு மாசமா மெல்லுது."