லேப்டாப் அனுப்பிய வெற்று ஃபைல்கள்

லேப்டாப் ஒன்றுக்குத் தொலைவிலிருந்த சர்வர்மேல் தீராத சந்தேகம். "ஃபைலை அனுப்பு தம்பி, நீ திருத்தத் திருத்த ஒவ்வொரு பிரதியையும் பத்திரமா வச்சிருக்கேன்" என்று சர்வர் தேனொழுகப் பேசியதே அதற்குப் பிடிக்கவில்லை. சும்மா எவன் காவல் காப்பான்?

அதனால் பெயரை மட்டும் சரியாகப் போட்டு, உள்ளே ஒன்றுமில்லாத ஃபைல்களையே அனுப்பி வந்தது. அசலைத் தன்னிடமே பதுக்கிக்கொண்டது.

ஒருநாள் மேலே காபி கொட்டி ஹார்டு டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க்கோடு எழுந்த லேப்டாப்புக்குப் பழசு எதுவும் நினைவில்லை; பிரதிகள் சர்வரிடம் இருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

"அண்ணே, என் ஃபைலெல்லாம் கொடுங்க."

சர்வர் அத்தனை பிரதிகளையும் வரிசையாக அனுப்பியது. திறந்தால் எல்லாமே வெற்று ஃபைல்கள்.

"நீ கொடுத்தது அப்படியே இருக்கு தம்பி. ஒரு எழுத்துகூட நான் தொடலை."

லேப்டாப் பல்லைக் கடித்தது. 'திருட்டுப்பய! இனிமே இவனுக்கு வெத்து ஃபைல்தான் அனுப்பணும்.'